ஆறாம் மாடிக்காரருக்கு ஒரு ஒப்பாரி

ஜெயராமுக்கு வாழ்க்கையில் இரண்டே பயம். ஒன்று, படம் ஓடும்போது யாராவது பேசுவது. இன்னொன்று, பேசுவதற்குக்கூட ஆள் வராமல் போவது. இப்போது அந்த இரண்டாவது பயம்தான் அவர் கழுத்தைப் பிடித்திருந்தது.

மதுரையில் காளவாசலுக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு குடியிருப்பு நகரில் அவர் ஒரு திரைப்படச் சங்கம் நடத்தி வந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் ஓய்வு பெற்ற கையோடு ஆரம்பித்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகர் நலச்சங்கத்தின் மண்டபத்தில், பழைய வெளிநாட்டுப் படம் ஒன்று போடுவார். வருகிறவர்கள் ஏழு பேர். அவர்களில் ஒருத்தி அவர் மனைவி தர்மாம்பாள். இன்னொருவர் மண்டபத்துக் காவலாளி. அவர் வந்தால்தான் சாவி வரும்.

நலச்சங்கத் தலைவர் சீதாராமன் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். காபியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைக்காமலே விஷயத்துக்கு வந்தார்.

"ஜெயராம் சார், யோகா வகுப்புக்காரங்க ஞாயித்துக்கிழமை மண்டபம் கேக்குறாங்க. உங்க படம் நடக்குறப்ப அங்க ஃபேன் சுத்துறதே காலி நாற்காலிக்குத்தான்."

"நல்ல படத்துக்குக் கூட்டம் மெதுவாத்தான் சார் சேரும்."

"மெதுவான்னா எம்புட்டு மெதுவா? வர்ற ஞாயித்துக்கிழமை மண்டபம் நெறையட்டும், நீங்களே வச்சுக்குங்க. நெறையலைன்னா யோகாவுக்குக் குடுத்துருவேன். என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

அவர் போனதும் தர்மாம்பாள் தம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள். "யோகா வந்தாலும் நல்லதுதான். நீங்க நாலு ஆசனம் கத்துக்கலாம்."

ஜெயராம் கையில் இருந்த கடைசித் துருப்புச் சீட்டை இறக்கிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். அந்தச் சீட்டின் பெயர் 'ஆறாம் மாடி'. படங்கள் பேசத் தொடங்குவதற்கு முன்னால், ஜெர்மனியில் கார்ல் ரீட்மன் என்பவர் எடுத்த படம். ஒரு பழைய வீடு, ஆறு மாடி, அதில் ஒரு தச்சன் ஏறி வருகிறான். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். அதை ஜெயராம் எத்தனை முறை பார்த்திருக்கிறார் என்பது வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர் குறைத்துச் சொல்வார், தர்மாம்பாள் கூட்டிச் சொல்வாள்.

அதுவரை வாட்ஸப்பில் மட்டும் அறிவிப்புப் போட்டுவந்தவர், இந்த முறை சுவரொட்டி அடித்து ஒட்டிவிடுவது என்று சிம்மக்கல்லுக்குப் பஸ் ஏறினார். மதுரையில் சுவரில் ஏறாத சேதி சேதியே இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

அழகுபாண்டியின் பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் அழகுபாண்டியே உட்கார்ந்து, ஒரு காதணி விழா பேனரில் தாய்மாமன்களுக்குப் பின்னால் சிங்கம் நிறுத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மாமனுக்கும் ஒரு சிங்கம். கடைசி மாமனுக்கு இடம் போதாமல் சிங்கத்தின் வால் மட்டும் விழுந்திருந்தது. ஜெயராம் போனிலிருந்து ரீட்மனின் புகைப்படத்தை அனுப்பினார். தொப்பியும் வட்டக் கண்ணாடியும் போட்ட, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். கூடவே ஒரு தாளில் பெயர், பிறந்த வருடம், மறைந்த வருடம், 'ஆறாம் மாடி', நாள், நேரம், இடம், தன் பெயர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்.

"கலர் போட்டோ இல்லையாண்ணே?"

"அந்தக் காலத்துல கலர் ஏதுப்பா."

"பெரியவருக்கு சினிமாவுல வேலையா?"

"வேலையாவா? நிழலை நடிக்க வச்ச மனுசன்ப்பா. இவருக்கு அப்புறம் அந்த மாதிரி ஒருத்தர் வரலை."

அழகுபாண்டி சிங்கத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றான். அவன் குரல் இறங்கிவிட்டது. "நீங்க போங்கண்ணே. அலையாதீங்க. ஒட்டுறதையும் நம்ம பயலுகளே ஒட்டிருவாங்க. காலையில ஏரியா பூரா இருக்கும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜெயராமுக்கு மனசு நிறைந்திருந்தது. சிம்மக்கல்லில்கூடக் கலையின் அருமை தெரிந்த ஒரு பிள்ளை இருக்கிறான்.

மறுநாள் காலை காளவாசலுக்குக் காய்கறி வாங்கப் போனவர், சிக்னலுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பையோடு நின்றுவிட்டார். சுவர் நீளத்துக்கும் ரீட்மன். அவர் தலைக்கு மேலே நீர் சொட்டும் இரண்டு பெரிய கண்கள். இந்தப் பக்கம் ஒரு குத்துவிளக்கு, அந்தப் பக்கம் பறந்துபோகிற புறா. நடுவில் கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. அதற்குக் கீழே, 'சினிமாவின் சிகரம் திரு. கார்ல் ரீட்மன் அவர்கள், ஆறாம் மாடி'. முகவரி போல அது அங்கே உட்கார்ந்திருந்தது. தோற்றம் 1889, மறைவு 1931 என்று பொடி எழுத்தில் ஒரு ஓரம். ஞாயிறு மாலை ஐந்து மணி, நலச்சங்க மண்டபம். 'ஆறாத் துயருடன், ஜெயராம்.'

அங்கேயே நின்று அழகுபாண்டிக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, கருப்பு வெள்ளைப் போட்டோ, பொறந்த வருசம், செத்த வருசம். இந்த மூணும் சேந்து வந்தா கை தானா அந்த டிசைனுக்குப் போயிருதுண்ணே. மதுரையில இந்த மூணையும் வேற எதுக்குண்ணே குடுப்பாக?"

"வருசத்தையாவது பாத்திருக்கலாம்லப்பா."

"நான் ஸ்பெல்லிங்கைத்தாண்ணே பாப்பேன். இப்ப என்ன, பயலுகளை விட்டுக் கிழிச்சிரவா?"

ஜெயராம் வாயைத் திறக்கும்போது பக்கத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஸ்டாண்டு விருமாண்டி. நகரில் நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் வந்து கடைசியில் போகிற ஆள். ஆட்டோவை அணைத்துவிட்டுத்தான் பேசினான். அது அவன் காட்டுகிற மரியாதை.

"பாத்தோம் சார். மனசே சரியில்ல. அந்த வெள்ளைக்காரரு நம்ம ஏரியாவுல இருந்ததே தெரியாமப் போச்சு. அஞ்சு மணிக்குத்தான? ஸ்டாண்டு ஆளுக அம்புட்டுப் பேரும் வந்துருவோம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்ல மாலைக்குச் சொல்லியாச்சு."

ஜெயராமின் காதில் போன். போனில் அழகுபாண்டி, "கிழிச்சிரவாண்ணே, கிழிச்சிரவா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஜெயராமின் மனக்கண்ணில் காலி நாற்காலிகளுக்கு மேலே ஃபேன் சுற்றியது. பிறகு அந்த நாற்காலிகளில் ஒவ்வொன்றாகக் காக்கிச் சட்டைகள் வந்து உட்கார்ந்தன.

"கிழிக்க வேண்டாம்ப்பா" என்றார் மெதுவாக. "மழை கிழை வந்தா அதுவாக் கிழியட்டும்."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

வீட்டுக்கு வந்து தர்மாம்பாளிடம் நியாயம் பேசினார். அந்தச் சுவரொட்டியில் பொய் எங்கே இருக்கிறது? மனுசன் செத்தது உண்மை. சிகரம் என்பதும் உண்மை. துயரம் ஆறவில்லை என்பதும் ஒருவகையில் உண்மைதான். தர்மாம்பாள் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் உண்மைதான். இந்தக் கத்தரிக்காய் மட்டும் சொத்தை. போஸ்டரைப் பாத்துக்கிட்டே வாங்குனீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்ததைப் பார்த்து, "முறையாச் செஞ்சிருக்காரு" என்று இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். யாரோ ஒருவர் ஒரு சுவரொட்டியைக் கொண்டுவந்து நாற்காலியில் சாத்தி, முன்னால் விளக்கேற்றி, ஊதுபத்தியும் கொளுத்திவிட்டார். திரைக்குக் கீழே மாலைகள் குவிந்தன. வாசலில் நின்ற ஜெயராமின் இரண்டு கைகளையும் வருகிறவர்கள் எல்லாம் பிடித்துப் பிடித்து விட்டார்கள். அவர் படத்துக்கு வந்த யாரும் இதுவரை அவர் கையைத் தொட்டதில்லை.

"உங்களுக்கு அவரு என்ன முறை வேணும் சார்?" என்று விருமாண்டி கேட்டான்.

"முறைன்னு இல்ல. ஆத்மார்த்தமான பழக்கம்."

"அப்ப மாமன் முறைதான்" என்று அவனே தீர்த்துவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

அவனுடைய ஆட்டோவில் வந்து இறங்கியவள் ஒச்சாயி. காளவாசலில் காய்கறிக்கடை போட்டிருப்பவள், விராட்டிபத்துப் பக்கத்துக்காரி. அந்தப் பக்கத்துச் சாவு வீடுகளில் அவள் வராமல் அழுகை சூடு பிடிக்காது. கூலிக்கு வருகிறவள் இல்லை. சாவுச் சேதி காதில் விழுந்த பிறகு போகாமல் இருந்தால் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. எதிர்ச் சுவரில் இரண்டு நாளாக ரீட்மன் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் மனசு கேட்காமல் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள்.

"பாடி எங்கங்கய்யா?"

"பாடி ஜெர்மனியில இருக்கும்மா."

"கொண்டாரலையா?"

"கொண்டுவர முடியலை."

"வெளிநாட்டுச் சாவுல இதுதான் கொடுமை." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜெயராமின் பக்கத்தில் குத்தவைத்தாள். "சரி, சொல்லுங்க. அழுகணும்னா ஆளைப் பத்தி நாலு விசயம் தெரியணும். சும்மா போனியே போனியேன்னு அழுதா அது எந்தப் பொணத்துக்கும் பொருந்தும். அது மரியாதை கிடையாது. பிள்ளைக எத்தனை?"

"பிள்ளை இல்லை."

"அப்ப கொள்ளி யாரு வச்சா?"

ஜெயராம் திகைத்தார். ரீட்மன் எந்த லென்ஸ் வைத்திருந்தார், எந்த வருடம் எந்த ஊரில் படம் பிடித்தார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கொள்ளி யார் வைத்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"தெரியலம்மா."

"பாவம். என்ன தொழிலு?"

"சினிமாப் படம் எடுத்தாரு."

"பாட்டெல்லாம் நல்லாருக்குமா?"

"பாட்டு கிடையாது. பேச்சும் கிடையாது. ஊமைப் படம்."

"அப்பறம் என்னத்தைக் கண்டு இம்புட்டு மாலை?"

ஒவ்வொரு மாதமும் படத்துக்கு முன்னால் ஜெயராம் ஒரு உரை ஆற்றுவார். அதில் ஒளியமைப்பு, அழகியல், இயக்கம் என்று நிறைய வரும். வந்த ஏழு பேரும் அதன் முடிவில் ஆறு பேராகியிருப்பார்கள். அந்த வார்த்தைகள் ஒன்றும் இப்போது உதவிக்கு வரவில்லை. அவரும் பக்கத்தில் குத்தவைத்துவிட்டார்.

"மத்தவங்க ஆள் வர்றதைக் காட்டுவாங்கம்மா. இவரு முதல்ல நிழலைக் காட்டுவாரு. நிழல் படியேறி வந்துக்கிட்டே இருக்கும். ஆள் எங்க, என்ன உயரம், நல்லவனா கெட்டவனா, ஒண்ணும் தெரியாது."

"எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு வர்ற மாதிரி. நிழலு மொதல்ல வரும், ஆளு அப்பறம் வருவாரு."

"அதேதான். அப்புறம் சுவரு, படிக்கட்டு எல்லாத்தையும் கோணலாக் கட்டி வைப்பாரு."

"கொத்தனாரு சரியில்லையா?"

"வேணும்னே அப்படி. பயந்து கெடக்குறவன் கண்ணுக்கு வீடு எப்படித் தெரியுமோ அப்படி."

ஒச்சாயி தலையை ஆட்டினாள். "தெரியும். காய்ச்சல்ல கெடக்கும்போது எனக்கும் உத்தரம் கீழ வரும். அப்பறம்?"

"அவசரப்பட மாட்டாரு. ஒரு முகத்தைக் காட்டினா, அந்த மனசுல இருக்கிறது மூஞ்சிக்கு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாரு."

"பொறுமைசாலி. அப்பறம்?"

"ஒரு விசயத்தைக் கடைசி வரைக்கும் மறைச்சு வச்சிருப்பாரு."

"என்ன விசயம்?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா."

"சாவு வீட்ல என்னங்கய்யா ஒளிவு மறைவு?"

"படத்தைப் பாத்தாத்தான் தெரியணும்."

"சரி, பாத்துக்கிட்டே அழுகுறேன்" என்று சொல்லிவிட்டு அவள் முன்வரிசைக்கு முன்னால் தரையிலேயே இடம் பிடித்தாள்.

அந்த நேரத்தில் சீதாராமன் உள்ளே வந்தார். நாற்காலி எல்லாம் நிறைந்து, சுவரோரமாகவும் ஆட்கள் நிற்பதைப் பார்த்தார். ஜெயராம் நினைத்தார்: இதோ கேட்கப் போகிறார், இது என்ன கூத்து என்று. ஆனால் சீதாராமன் கையில் ஒரு ரோஜா மாலை இருந்தது. அதை நாற்காலிக்குச் சாத்தி, கண்ணை மூடி நின்று, பிறகு நேராக மைக்குக்குப் போய்விட்டார். தலைவர் என்று ஆன பிறகு அவர் எந்தச் சாவிலும் பேசாமல் திரும்பியதில்லை.

"அன்னாருக்கும் எனக்கும் இருபது வருடப் பழக்கம்" என்று ஆரம்பித்தார். மண்டபம் அமைதியாகக் கேட்டது. "காலையில நடைப்பயிற்சிக்குப் போறப்ப எதிர்ல வருவார். அந்தத் தொப்பியை லேசாத் தூக்குவார். அதுதான் அவர் வணக்கம். நமது நகரின் குடிநீர்ப் பிரச்சினை தீரணும்னு என்கிட்ட எத்தனையோ தடவை வேதனைப்பட்டிருக்கார். சங்கத்தின் எந்தக் கூட்டத்துக்கும் அவர் தவறியதே இல்லை. அவருடைய இழப்பு..."

தர்மாம்பாள் முதல் வரிசையில் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அழாதீங்கக்கா. அவருக்குக் குடுத்துவச்சது அம்புட்டுத்தான்."

ஒருவழியாக விளக்கு அணைந்தது. திரையில் கறுப்பு வெள்ளையாக அந்த வீடு எழுந்து நின்றது.

சவப்பெட்டி செய்கிற தச்சன் ஒருவன், கையில் அளவுகோலோடு அந்த வீட்டுக்குள் நுழைகிறான். அவன் முகம் தெரியாது. நிழல் மட்டும் கோணல் சுவரில் நீண்டு, படியாக மடிந்து ஏறுகிறது. அவன் வந்துவிட்டான் என்ற சேதி வீடு முழுக்கப் பரவுகிறது. முதல் மாடியில் இருமிக்கொண்டிருந்த கிழவர் இருமலை அப்படியே விழுங்குகிறார். இரண்டாம் மாடியில் மாமியாரும் மருமகளும் ஒருத்தியை ஒருத்தி ஆசையோடு பார்த்துக்கொள்கிறார்கள். நிழல் ஒவ்வொரு கதவின் முன்னாலும் நிற்கிறது, நகர்கிறது. நிழல் போன பிறகு உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாம் மாடியில் ஒச்சாயி ஆரம்பித்தாள்.

"முன்னால நிழல் அனுப்பிப்
பின்னால வந்தவரே – என் ராசாவே
கண்ணால பாக்குமுன்னே
காலெல்லாம் நடுங்குதய்யா
கோணச் சுவரு கட்டிக்
கோணாத மனசு வச்சீர் – என் ராசாவே
பேச்சில்லாப் படமெடுத்துப்
பேசவச்சுப் போனீரய்யா"

ஜெயராம் துள்ளி எழுந்தார். ரீட்மன் படத்தில் சத்தமா? இது கோயிலுக்குள் செருப்போடு நடக்கிற மாதிரி. விருமாண்டி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

"அழட்டும் விடுங்க சார். அடக்குனா நெஞ்சுல நின்னுரும்."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். உட்கார்ந்து திரையைப் பார்த்தார். அந்த நிழல் நான்காம் மாடிக்கு ஏறும்போது ஒச்சாயியின் குரலும் ஏறியது. நிழல் கதவு முன்னால் நின்றபோது, அவளும் மூச்சு வாங்கி நின்றாள். எப்போது பார்த்தாலும் அவருக்கு அந்த ஐந்தாம் மாடி கொஞ்சம் நீளமாகத் தோன்றும். ரீட்மன் இங்கே கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்று யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்தார். இன்று அது நீளவில்லை. சுவரோரம் நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். ஸ்டாண்டுக்காரன் ஒருவன், "ஆறாவது மாடியில யாருடா இருக்கா?" என்று கேட்டான். "கர்ப்பமா ஒரு பொண்ணு இருந்துச்சே, மொதல்ல ஜன்னல்ல காட்டுனாங்கள்ல" என்று ஒரு குரல் சொன்னது. "அய்யய்யோ" என்று பல குரல்.

ஆறாம் மாடிக் கதவு திறந்தது. முதல் முறையாகத் தச்சனின் முகம். குள்ளமான, மூச்சிரைக்கிற, சாதுவான மனிதன். ஆறு மாடி ஏறியதில் வேர்வையைத் துடைக்கிறான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவனை உள்ளே கூப்பிடுகிறாள். அவன் அளவுகோலை விரித்து, ஜன்னல் ஓரமாகத் தரையில் வைத்து அளக்கிறான். சின்ன அளவு. சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் படம் போட்டுக் காட்டுகிறான்.

தொட்டில்.

ஒப்பாரி பாதி வரியில் நின்றது. "அடப் பாவி மனுசா" என்று ஒச்சாயி மெல்லச் சொன்னாள். பிறகு அதே ராகத்தை, இழுவையை மட்டும் கொஞ்சம் தளர்த்தி, ஒரு அசைவில் திருப்பிவிட்டாள்.

"ஆராரோ ஆரிரரோ – கண்ணே
ஆறு மாடி ஏறி வந்து
தச்சன் அளவெடுத்தான் – கண்ணே நீ
தாலேலோ கண்ணுறங்கு"

 மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது. சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்தியவர்கள் பொத்திய கைக்குள்ளேயே சிரித்தார்கள். விருமாண்டி தொடையில் அடித்தான். "நம்மளையும்ல சேத்துப் படியேற விட்டு முட்டாளாக்கிட்டான் மனுசன்."

ஜெயராம் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறுதல் சொல்ல மூன்று பேர் கை நீட்டினார்கள்.

விளக்கு எரிந்ததும் விருமாண்டி எழுந்து ரீட்மன் முன்னால் போய் நின்றான். கும்பிடத்தான் போனான். கும்பிட்ட கை அப்படியே நிற்க, குனிந்து அந்தப் பொடி எழுத்தைப் படித்தான். இரண்டு முறை படித்தான்.

"சார். இவரு செத்தது தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுன்னுல்ல போட்டிருக்கு."

எல்லாரும் ஜெயராமைப் பார்த்தார்கள்.  போயிற்று. படமும் போயிற்று, மண்டபமும் போயிற்று, மானமும் போயிற்று.

ஒச்சாயிதான் முதலில் பேசினாள். "எப்பச் செத்தா என்ன, செத்தது செத்ததுதான? ஒப்பாரி வைக்க ஆளில்லாம இம்புட்டு நாளு கெடந்திருக்காரே, பாவம். இன்னிக்காச்சும் நடந்துச்சே."

"அது சரி ஆத்தா" என்றான் விருமாண்டி. சுவரொட்டியிலிருந்து நிமிர்ந்து மெதுவாகத் திரும்பினான். "தலைவரே, உங்களுக்கு இவரோட இருபது வருசப் பழக்கம்னீங்க. நடைப்பயிற்சியில தொப்பியைத் தூக்குவாருன்னீங்க."

எல்லா முகமும் சீதாராமன் பக்கம் திரும்பியது. சீதாராமன் மாலையைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கதவுக்கு நடுவில் ஸ்டாண்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். ரீட்மன் பார்த்திருந்தால் அந்த முகத்தைவிட்டுக் கேமராவை நகர்த்தியிருக்கவே மாட்டார்.

தர்மாம்பாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாக எழுந்தாள்.

"தலைவர் சொன்னது அவர் படங்களோட பழக்கத்தை. நல்ல படத்தைப் பாத்தா, எடுத்தவர் எதிர்ல வந்து தொப்பியைத் தூக்குற மாதிரி இருக்கும்ல, அதைத்தான் சொன்னார். அவர் மட்டும் ஆதரவு குடுக்கலைன்னா இந்தச் சங்கம் ஏது? இனிமே எல்லா மாசமும் ஞாயித்துக்கிழமை மண்டபம் உங்களுக்குத்தான்னு வீட்டுக்கே வந்து காபி குடிச்சிட்டுச் சொன்னாரே. இல்லையா தலைவரே?"

சீதாராமன் அவளையே பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

"ஆமா" என்றார்.  மைக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னார். "ஆமாமா. ஞாயிறு எப்பவும் ஜெயராம் சாருக்குத்தான். யோகாவை சனிக்கிழமை வச்சுக்கலாம்."

யாரோ கை தட்டினார்கள். தச்சனுக்கா, தலைவருக்கா என்று தெரியவில்லை. கலைந்து போகும்போது ஒச்சாயி ஜெயராம் முன்னால் நின்றாள்.

"அய்யா, இந்த மனுசன் எடுத்த வேற படம் இருக்கா? பதினாறாம் நாளுக்குப் போடுவீகளா?"

"போடுறேன்ம்மா."

"அந்த அஞ்சாவது மாடி மட்டும் கொஞ்சம் இழுவை. என் பாட்டை வச்சு ஒப்பேத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

வீட்டு வாசலில் ஜெயராமை உள்ளே விடாமல் தர்மாம்பாள் மறித்தாள். பைப்படியில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள்.

"குளிச்சிட்டு உள்ள வாங்க. துக்கத்துக்குப் போயிட்டு வந்தா அப்படியே வரக் கூடாது."

"அது துக்கமா?"

"மாலை விழுந்துச்சுல்ல, ஒப்பாரி வச்சாங்கள்ல. அப்புறம் என்ன? குனியுங்க."

குனிந்தார். முதல் சொம்பு தலையில் விழும்போது போன் அடித்தது. அவள்தான் எடுத்துப் பேசினாள். சேதி அதற்குள் எட்டியிருந்த அழகுபாண்டி, பதினாறாம் நாள் போஸ்டருக்கு அதே போட்டோவா வேறயா என்று கேட்டான். அதையே போடச் சொல்லிவிட்டு அடுத்த சொம்பை மொண்டாள்.

"இந்த ஆளு முடிஞ்சா வேற ஆளு வேணும்ல. உங்ககிட்ட இன்னும் எத்தனை டைரக்டர் இருக்காங்க?"

"நெறைய இருக்காங்க" என்றார் ஜெயராம், மூக்கில் தண்ணீர் வழிய. "ஆனா எல்லாரும் செத்துட்டாங்க."

"அப்ப கூட்டத்துக்குக் கவலையில்ல" என்று சொல்லித் தர்மாம்பாள் தண்ணீரை ஊற்றினாள்.